செங்கால் நாரைகளின் மறக்க முடியாத நாள்கள்

2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21ஆம் நாள் வியாழக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் புலவர் செ. குமாரசாமியின் பெயர், அவர் செய்யாத ஒரு பிழைக்குக் கீழே, ஆள் உயர அலுமினியத் தகட்டில் அச்சாகி வந்து சேர்ந்தது. குறை இவ்வளவுதான். ஆனால் முப்பத்து நான்கு ஆண்டுகள் செய்யாற்றுப் பள்ளியில் பிறர் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய குறை என்பதை, சுழிக்கப்பட்ட எவரும் அறிவர்.

தகடு வந்து இறங்கிய இடம் ஜெர்மனியில் உள்ள எர்லாங்கன் நகரத்தின் பேஸ்பால் ஆடுகளம். குமாரசாமியின் மகள் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். மருமகன் பாலமுருகன் பெரிய மின்னணு நிறுவனத்துக்கு நாள்தோறும் மிதிவண்டியில் போய்வரும் பொறியாளர். குமாரசாமியும் மனைவி லலிதாவும் மூன்று மாத விசாவில் வந்திருந்தனர். திங்கட்கிழமை அவர்களுக்கு விமானம்.

ஆடுகளத்துக்கு உரிய தொழில்முறை அணியின் பெயர் ‘ரெக்னிட்ஸ் செங்கால் நாரைகள்’. ரெக்னிட்ஸ் என்பது ஊரை ஒட்டி ஓடும் ஆறு. ஜெர்மானியர் வெறும் ‘நாரைகள்’ என்றுதான் பெயர் வைத்திருந்தனர். ஆட்டக்காரர்கள் முழங்கால்வரை சிவப்புக் காலுறை அணிந்திருந்ததைக் கண்டு ‘செங்கால்’ என்பதைச் சேர்த்தவர் குமாரசாமி. பெயர் வைத்தவர்களுக்கே தெரியாமல் பெயர் பொருந்தியிருந்ததை எண்ணி எண்ணி அன்று முழுவதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அணியை நடத்தும் கழகத்தின் தலைவர் ஹெர் ஷ்னாபல் (ஹெர் என்றால் ‘திரு’) என்பவரின் குடும்பப் பெயருக்கு ஜெர்மன் மொழியில் ‘அலகு’ என்று பொருள் எனத் தெரியவந்தபோது அவர் கை தட்டியேவிட்டார்.

அணி தொடங்கி இருபது ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, அதன் வரலாற்றில் சிறப்புக்குரிய நாள்களை நான்கு மொழிகளில் அச்சிட்டு அரங்கின் நுழைவாயிலில் பதிப்பது என்று ஷ்னாபல் முடிவு செய்திருந்தார். ஜெர்மன் ஊருக்காக; ஆங்கிலம், முதலில் இவ்வாட்டத்தைக் கற்றுக்கொடுத்த அமெரிக்கப் படைவீரர்களுக்காக; ஸ்பானியம், பந்தெறிய வந்த டொமினிக்கன் இளைஞர்களுக்காக; தமிழ், பாலமுருகனுக்காக.

பாலமுருகனுக்கு அந்தத் தகுதி வந்த கதை இது. அவர் அணியின் கணக்கெழுத்தாளர். கணினியில் ஓட்டங்களைக் குறிப்பவர். 2006 ஆகஸ்ட் 12 அன்று நடந்த ஒரு நட்பு ஆட்டத்தில் இருவருக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொள்ள, ஆள் போதாமல் அவர் கையில் மட்டையைக் கொடுத்துவிட்டார்கள். முதல் பந்தையே அவர் தூக்கி அடித்தார். அடித்தவர் மட்டையை வீசிவிட்டு ஓட வேண்டும், முதல் தளத்தைக் காலால் மிதிக்க வேண்டும், அது பேஸ்பால். பாலமுருகனோ வேலூர்த் தெருக்களில் கிரிக்கெட் ஆடியவர். மட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார், தளத்துக்கு நான்கடி முன்னால் குனிந்து, மட்டையை நீட்டித் தளத்தின்மேல் தேய்த்து, “சேஃப்!” என்று கத்திக்கொண்டே நின்றுவிட்டார். எதிரணிக்காரர் நிதானமாக நடந்து வந்து, பந்தும் கையுமாகத் தளத்தை மிதித்தார். பாலமுருகன் அவுட். ஆயினும் ஐந்நூறு பேர் எழுந்து நின்று கைதட்டினர். அந்த வாரம் முதல் நிறுவனத்துத் தமிழ்ப் பொறியாளர்கள் நாற்பது பேர் சனிதோறும் ஆட்டம் பார்க்க வரத் தொடங்கினர்.

எனவே தமிழாக்கப் பணி மாமனாரிடம் வந்தது. அவர் மூன்று வாரங்கள் உழைத்தார். அவருக்கு விளையாட்டு தெரியாது. ஆனால் சொல் தெரியும். பந்தெறிபவர் ‘எறிஞர்’ ஆனார். பின்னால் குந்தியிருந்து பிடிப்பவர் ‘ஏந்துநர்’ ஆனார். சுற்றி ஓடி வந்து தொடும் கடைசித் தளத்துக்கு இவ்வாட்டத்தில் ‘வீடு’ என்றே பெயர் என்று மருமகன் சொன்னதும் குமாரசாமி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். அறம், பொருள், இன்பம், வீடு! ஓர் ஆட்டம் முழுவதும் ஒவ்வொருவரும் வீட்டை நோக்கியே ஓடுகிறார்கள் என்றால், இதைவிடத் தமிழுக்கு உகந்த ஆட்டம் ஏது?

லலிதா வரைவை வாங்கிப் படித்தார்.

“ஏங்க, 2003 ஜூலை 19ல நாலு பேர் செத்துப்போயிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க.”

“எங்கே?”

“‘ஒரே அடியில் நால்வர் வீடுபேறு எய்தினர்.’ இதைப் படிச்சா போலீஸ் வராதா?”

‘எய்தினர்’ என்ற சொல்லுக்காக மட்டும் அவர் அரை மணி நேரம் வாதாடினார். முடிவில் ‘நால்வர் வீடு சேர்ந்தனர்’ என்று மாற்றினார். மாற்றிய பிறகும், மிதிவண்டிப் பாதையில் நடந்து போகும்போதெல்லாம் “வீடுபேறு, வீடுபேறு” என்று முணுமுணுத்துச் சிரித்துக்கொண்டார்.

உள்ளூர் அச்சகத்துக் கணினியில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகச் சிதறின. ஆகவே ஹம் நகரத்தில் கல்யாண அழைப்பிதழும் கோயில் திருவிழா நோட்டீசும் அடிக்கும் நடேசன் என்ற யாழ்ப்பாணத்துக்காரரிடம் வேலை போனது. அவர் அச்சிட்டு அனுப்பிய தகடுதான் அந்த வியாழக்கிழமை வந்தது.

பாலமுருகன் உறையைக் கிழித்தார். வழவழவென்று வெள்ளைத் தகடு, சிவப்பு நாரை, நான்கு பத்திகள். தமிழ்ப் பத்தியின் உச்சியில் உள்ளங்கை அளவு எழுத்துகளில் ‘மறக்க முடியாத நாட்கள்’ என்று இருந்தது. அடியில், ‘தமிழாக்கம்: புலவர் செ. குமாரசாமி’.

குமாரசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டார். எழுத்து மாறவில்லை. அவருடைய வலக்கைச் சுட்டுவிரல் தானாகவே காற்றில் ஒரு சுழி சுழித்தது.

“மாப்பிள்ளை, சிவப்புப் பேனா இருக்கிறதா?”

“மாமா, இது அலுமினியம். பேனா எழுதாது.”

“எழுதாவிட்டால் ஓர் ஆணி கொண்டுவாருங்கள்.”

“என்ன மாமா ஆச்சு?”

“நான் ‘நாள்கள்’ என்று எழுதினேன். நாள் என்பதோடு பன்மை விகுதி சேர்ந்தால் நாள்கள். ‘நாட்கள்’ என்றால் நாள்பட்ட கள்! பனையிலிருந்து இறக்கிச் சில நாள் கிடந்து புளித்துப்போன கள்! மறக்க முடியாத புளித்த கள். தமிழாக்கம், புலவர் குமாரசாமி!”

பாலமுருகன் சிரிப்பை அடக்க நாரையின் படத்தைக் கூர்ந்து பார்ப்பவர்போலத் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்குவதை மறைக்க அவரால் இயலவில்லை.

பிழையைவிடப் பெரிய இடர் ஒன்று இருந்தது. பாலமுருகனின் நிறுவனத்தில் வேலை பார்த்த சந்திரமௌலி என்பவர் குமாரசாமியின் பழைய மாணவர். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பதரை வாங்கியவர். அந்த அரை மதிப்பெண்ணை இழந்து முதலிடத்தைக் கோட்டைவிட்டவர். இழந்தது ‘நாட்கள்’ என்று எழுதியதற்காக. அவர் சனிக்கிழமை விழாவுக்குப் புகைப்படக் கருவியோடு வருவார். படம் எடுத்தால் ஒரே மணி நேரத்தில் செய்யாற்றுப் பழைய மாணவர் மின்னஞ்சல் குழுவில் நூற்றெழுபது பேர் பார்ப்பார்கள். திங்கட்கிழமை விமானம் ஏறிய பிறகும் தகடு சுவரிலேயே இருக்கும். இன்னும் இருபது ஆண்டுகள் இருக்கும். அவர் பெயரும் அதன் அடியில் இருக்கும்.

அவர் ஹம் நகரத்துக்குத் தொலைபேசினார்.

“ஓம், நடேசன் கதைக்கிறன். தகடு வந்திட்டுதோ மாஸ்டர்? வடிவா இருக்கோ?”

“வடிவாக இருக்கிறது ஐயா. ஒரே ஓர் எழுத்துப் பிழை. நான் எழுதிய ‘நாள்கள்’, ‘நாட்கள்’ என்று வந்திருக்கிறது.”

“ஓமோம், அதை நான்தான் திருத்தினனான். நீங்கள் அவசரத்தில பிழையா எழுதிப்போட்டியள் எண்டு விளங்கிச்சுது. நன்றி ஒண்டும் வேண்டாம் மாஸ்டர்.”

குமாரசாமி தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினார். “நன்றியா!”

“பின்ன? கல் எண்டால் கற்கள். சொல் எண்டால் சொற்கள். முள் எண்டால் முட்கள். அப்ப நாள் எண்டால் நாட்கள்தானே?”

“கல், சொல், முள் எல்லாம் குறில். நாள் நெடில் ஐயா, நெடில்! அங்கே திரியாது. உங்களுக்கு எத்தனை கால்?”

“என்ன?”

“கால்! எத்தனை?”

“ரெண்டு.”

“இரண்டு கால்களா, இரண்டு காற்களா?”

மறுமுனையில் அச்சுப்பொறி ஓசைக்கு நடுவே ஒரு பெண் குரல் கலகலவென்று சிரித்தது; நடேசனின் மனைவி மல்லிகா. “பதில் சொல்லுங்கோவன், எத்தினை காற்கள் எண்டு!”

“நீ சும்மா இரப்பா,” என்றார் நடேசன். பிறகு குரலை நிமிர்த்திக்கொண்டார். “சரி மாஸ்டர், ஆள் எண்டதும் நெடில்தானே? ஆட்கள் எண்டு சொல்லுறமோ இல்லையோ?”

“சொல்கிறோம். அதுவும் பிழை. ஆள்கள்.”

“அப்ப உலகமெல்லாம் பிழை, நீங்கள் ஒராள்தான் சரியோ?”

“ஆம்.”

“நல்ல கதை! பதினெட்டு வருசமா நாட்கள் எண்டுதான் அடிக்கிறன். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. உங்கட சொல்லுக்கு மாத்த ஏலாது மாஸ்டர். ஓர்டர் தந்தது கழகம். தலைவர் மாத்தச் சொன்னால் மாத்துறன். சனிக்கிழமை எப்பிடியும் விழாவுக்கு வாறன், நேரில கதைப்பம்.”

மறுநாள் மாலை மாமனாரும் மருமகனும் தலைவரைக் காணச் சென்றனர். ஹெர் ஷ்னாபல் இரண்டு ஆள் பருமன் உடையவர். சிரித்தால் மேசைமேல் உள்ள கண்ணாடிக் குவளைகளும் உடன் சிரிக்கும். பாலமுருகன் தம் ஜெர்மன் மொழியில் முறைப்பாட்டை எடுத்துரைத்தார். ‘புளித்த பனங்கள்’ என்னும் இடம் வந்ததும் ஷ்னாபல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். குமாரசாமி, நியாயம் வென்றது என்று எண்ணித் தாமும் எழுந்தார்.

ஷ்னாபல் சிரிக்கத் தொடங்கினார். குவளைகள் கிணுகிணுத்தன. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவர் ஏதோ நீளமாகச் சொன்னார்.

“என்ன சொல்கிறார்?”

“மாமா... அவருக்கு ரொம்பப் பிடிச்சிடுச்சு. எழுத்தைத் தொடவே கூடாதுங்கறார்.”

“என்ன!”

“நாலு மொழியிலயும் தமிழ் ஒண்ணுதான் உண்மையைச் சொல்லுதாம்.”

ஷ்னாபல் விரல் விட்டு எண்ணினார். 1987 ஜூன் 6: மலையடிவாரத்துப் பீர்த் திருவிழாவில், செஸ்ட்நட் மரத்தடியில், பதினொருவரும் மூன்று கையுறைகளும் சேர்ந்து அணியைத் தொடங்கிய நாள். கையில் இருந்தது என்ன? பீர். 1989 ஏப்ரல் 30: எதிரணியின் பேருந்து அதே பெயருடைய வேறோர் ஊருக்குப் போய்விட்டதால், வராதவர்களை வென்று முதல் வெற்றி பெற்ற நாள். வெறும் ஆடுகளத்தில் ஒன்பது பேரும் செய்தது என்ன? பீர் குடித்தது. 1998இல் மின்விளக்குக் கம்பத்தில் நிஜ நாரை ஒன்று வந்து அமர்ந்து ஆட்டத்தை நாற்பது நிமிடம் நிறுத்திவைத்தது. அந்த நாற்பது நிமிடம்? 2001 மார்ச் 1 அன்று அணி தொழில்முறை அணியாகப் பதிவு பெற்றது; பதிவுத் தாளில் இன்றும் வட்டமாக ஒரு குவளைக் கறை இருக்கிறது. மறக்க முடியாதவை எவை? நாள்களா, பீரா?

“என் பெயரையாவது எடுத்துவிடச் சொல்லுங்கள்,” என்றார் குமாரசாமி.

பாலமுருகன் கேட்டார். ஷ்னாபல் நெஞ்சில் கைவைத்துப் பதறினார். இத்துணைச் சிறந்த தமிழாக்கம் செய்தவரின் பெயரை நீக்குவதா? நீக்காதது மட்டுமன்று, சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் மரியாதைக்குரிய முதல் பந்தை எறியப்போவதும் ஹெர் புலவர்தான் என்று அறிவித்து, அவர் கையில் ஒரு புதுப் பந்தைத் திணித்தார்.

சனிக்கிழமை, ஜூன் 23. வெயில் தாராளமாக அடித்தது. அரங்கு நிறைந்திருந்தது. பித்தளை வாத்தியக் குழு ஒன்று கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தது. தகடு நுழைவாயிலில் திருகாணியால் இறுக்கப்பட்டுச் சிவப்புத் துணியால் மூடப்பட்டிருந்தது. குமாரசாமி வேட்டி சட்டையோடு, கையில் பந்தோடு, அந்தத் துணியையே பார்த்தபடி நின்றார். நாற்பது தமிழர்கள் ஒரு மூலையில். அவர்களின் நடுவே கழுத்தில் புகைப்படக் கருவி தொங்கச் சந்திரமௌலி.

“வணக்கம் ஐயா! துணியை எப்ப எடுப்பாங்க? முதல் போட்டோ என்னுதுதான்!”

குமாரசாமி துணியை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றார்.

அப்போது வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் வந்து அவர் முன் நின்றார். அவருக்குப் பின்னால் சேலை உடுத்த ஒரு பெண், வாய் நிறையச் சிரிப்போடு.

“மாஸ்டர்தானே? நடேசன். இவ மல்லிகா. விடிய வெளிக்கிட்டு நாலு ரெயில் மாறி வாறம்.” அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய உறையை எடுத்து ஆட்டிக் காட்டினார். “இதுக்குள்ள ஒரு ‘ள்’ கிடக்கு. ஒட்டுற தாளில அளவா வெட்டிக்கொண்டு வந்தனான். இவதான் வெட்டச் சொன்னவ. ஆனால் சும்மா தரமாட்டன்.”

“தலைவர் மாற்றக் கூடாது என்கிறார் ஐயா. தந்தாலும் ஒட்ட முடியாது.”

நடேசன் அவர் கையிலிருந்த பந்தைப் பார்த்தார். “உதென்ன, முதல் பந்து நீங்களோ போடுறியள்? அப்ப மட்டையை எனக்குத் தரச் சொல்லுங்கோ. நான் பள்ளிக்கூட ரீமில ஓப்பினிங் போனவன். நான் அடிச்சு முதல் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ‘ட்’. போகாட்டில் ‘ள்’. சரியோ?”

பாலமுருகன் ஓடிப்போய்த் தலைவரிடம் சொன்னார். ஷ்னாபல் கேட்டு முடிப்பதற்குள் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டார். ஒரே எழுத்துக்காக இரண்டு தமிழர்கள் மோதப்போகிறார்கள், வெல்பவரின் எழுத்தே தகட்டில் நிற்கும் என்று அவர் முழங்கியதும் அரங்கம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி “ட்! ட்! ட்!” என்றது. மறுபாதி ‘ள்’ என்று சொல்ல முயன்று, நாக்கு மடங்காமல், “ல்ல்ல்!” என்று ஊளையிட்டது.

“இலக்கணத்தைப் பந்தாடி முடிவு செய்வதா?” என்று சீறினார் குமாரசாமி. “இது அறிவுடைமையா?”

“ஏங்க,” என்றார் லலிதா, “விவாதம் வெச்சு முடிக்கறதுக்குள்ள நம்ம விசா முடிஞ்சிடும். போய் எறிங்க.”

எறிஞர் நிற்கும் மேடு பதினெட்டு மீட்டர் தொலைவு. முதியவர் என்பதால் முன்னால் வந்து எறியலாம் என்று நடுவர் அம்மையார் சைகை காட்டினார். குமாரசாமி அடி வைத்து நடந்து வந்தார். நடேசனிடமிருந்து சரியாகப் பன்னிரண்டு தப்படியில் நின்றார். கரும்பலகைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே உள்ள தொலைவு அது. அத்தொலைவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சுண்ணக்கட்டி எறிந்து, தூங்கியவர் எவரையும் அவர் தவறவிட்டதில்லை.

“ஐயா, என் காதை ஞாபகம் இருக்கா?” என்று மூலையிலிருந்து சந்திரமௌலி கத்தினார். “இன்னும் ஒரு பக்கம் சரியாக் கேக்கல!”

முதல் பந்து. சுண்ணக்கட்டியைவிடப் பந்து கனமானது என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. அது உயர எழும்பி, நடேசனைத் தாண்டி, ஏந்துநரைத் தாண்டி, வாத்தியக் குழுவின் மிகப் பெரிய குழலின் வாய்க்குள் விழுந்தது. ஊதிக்கொண்டிருந்தவரின் கண்கள் பிதுங்கின; குழல் ‘பூ...ம்ப்’ என்று ஓர் ஓசை எழுப்பி நின்றுபோயிற்று. பந்தை வெளியே எடுக்க மூவர் குழலைக் கவிழ்த்துக் குலுக்க வேண்டியதாயிற்று.

“மாஸ்டர், ‘ள்’ குழலுக்குள்ள போயிட்டுது!” என்றார் நடேசன்.

இரண்டாவது பந்து நேராக வந்தது. நடேசன் கண்ணை மூடிக்கொண்டு வீசினார். மட்டை காற்றை அடித்தது. சுழன்ற வேகத்தில் அவரும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி முன்புறம் பார்த்து நின்றார்.

“வெயில் கண்ணில பட்டிட்டுது!”

“கறுப்புக் கண்ணாடியெல்லோ போட்டிருக்கிறியள்!” என்றார் மல்லிகா.

மூன்றாவது பந்து. குமாரசாமி தமக்குள் ‘நாள்கள்’ என்று ஒருமுறை சொல்லிக்கொண்டு எறிந்தார். நல்ல எறி. ஆனால் நடேசன் அடித்துவிட்டார். கணீரென்ற ஓசை. பந்து குமாரசாமியின் வேட்டியை உரசிக்கொண்டு தரையில் ஓடியது. அரங்கம் எழுந்து நின்றது. முதல் தளத்தைக் காத்த டொமினிக்கன் இளைஞர் அதை எடுக்க ஓடினார். ஆனால் சிரிப்பில் அவரால் குனிய முடியவில்லை. கையில் பட்ட பந்து நழுவியது, மீண்டும் பிடித்தார், மீண்டும் நழுவியது.

நடேசன் ஓடினார். ஐம்பத்து மூன்று வயதுக்கு அது அருமையான ஓட்டம். தளம் அவருக்கு முன்னால் திறந்து கிடந்தது, தடுப்பார் யாருமில்லை, காலாற நடந்திருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்கலாம். குமாரசாமி கண்களை மூடிக்கொண்டார். அந்த இருளில் அவர் கண்டவை: சுவர், தகடு, புளித்த கள், அடியில் தம் பெயர், நூற்றெழுபது மின்னஞ்சல்கள்.

நாற்பது தமிழர்கள் ஒரே குரலில், “ஐயோ!” என்றனர்.

அவர் கண்களைத் திறந்தார்.

நடேசன் மட்டையை விடவில்லை. தளத்துக்கு நான்கடி முன்னால், பழுதற்ற கிரிக்கெட் முறைப்படி குனிந்து, கையை நீட்டி, மட்டையின் நுனியைத் தளத்தின்மேல் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். நின்றது மட்டுமன்று, நிமிர்ந்து, அரங்கின் நான்கு திசைக்கும் மட்டையை உயர்த்திக் காட்டினார், நூறு ஓட்டம் எடுத்தவர்போல. டொமினிக்கன் இளைஞர் ஒருவழியாகப் பந்தைப் பிடித்து, அவர் பக்கத்தில் நடந்து வந்து, “மன்னிக்க வேண்டும்” என்பதுபோல் தலையசைத்துவிட்டுத் தளத்தை மிதித்தார்.

“அவுஸ்!” என்று கை வீசினார் நடுவர் அம்மையார்.

“என்ன அவுஸ்? எப்பிடி அவுட்?” நடேசன் கொதித்தார். “மட்டை உள்ளுக்குள்ள வைச்சிட்டனே! எல்லாரும் பாத்தவைதானே!”

மல்லிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் சாய்ந்துவிட்டார். “இஞ்சேருங்கோ! துணியை எடுத்துப்போட்டுத் தகட்டில கடைசி வரியை வாசியுங்கோ! நீங்களே அடிச்சது!”

ஷ்னாபல் துணியை இழுத்தார். நடேசன் மட்டையும் கையுமாகத் தகட்டின் முன் போய் நின்று, தம் கையால் அச்சிட்ட வரியை உரக்க வாசித்தார்: “‘2006 ஆகஸ்ட் 12. பாலமுருகன் என்னும் பொறியாளர் மட்டையோடு ஓடி, மட்டையால் தளத்தைத் தொட்டு, மிகுந்த பெருமையோடு ஆட்டமிழந்தார். இவ்வாட்டத்தில் தளத்தைத் தொட வேண்டியது...’” குரல் தேய்ந்தது. “‘...கால்.’”

“எத்தனை?” என்று கேட்டார் குமாரசாமி.

நடேசன் திரும்பிப் பார்த்தார். உதடு துடித்தது, அடுத்த நொடி வெடித்துச் சிரித்தார். “ரெண்டு கால்கள் மாஸ்டர்! காற்கள் இல்லை, கால்கள்!”

அதன்பின் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. நடேசன் உறையைப் பிரித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, ‘ட்’ என்னும் எழுத்தின்மேல் ‘ள்’ என்பதை மயிரிழை பிசகாமல் ஒட்டினார். விரலால் நீவிவிட்டார். “தோத்தது மட்டைதான், என்ர வாதம் இல்லை,” என்று சொல்லவும் அவர் மறக்கவில்லை. “ஒண்டு மட்டும் சொல்லுறன், இனி வாற அழைப்பிதழெல்லாம் உங்களுக்கு அனுப்பித்தான் அடிப்பன்.” சந்திரமௌலி படம் எடுத்தார். எடுத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, “ஐயா, இருபது வருஷம் ஆச்சு. அந்த அரை மார்க்...” என்றார்.

“தர இயலாது,” என்றார் குமாரசாமி.

எல்லாரும் சிரித்தபோது ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஹெர் ஷ்னாபல் தகட்டை நிமிர்ந்து பார்த்தபடி, பரிசுக் கோப்பை பறிபோனவர்போல நின்றார். குமாரசாமி அதைக் கவனித்தார். கடுமையானவர் என்றாலும் அவர் கொடியவர் அல்லர். மருமகனை அழைத்து ஒரு மரப்பலகையும் சிவப்பு மையும் கேட்டார். பலகையை மடியில் வைத்துக்கொண்டு, தம் வாழ்நாளில் முதன்முறையாக, கொட்டை எழுத்துகளில் ‘நாட்கள்’ என்று எழுதினார்.

“மாமா!” என்றார் பாலமுருகன்.

“இதைக் கொண்டுபோய்ப் பீர்ப் பீப்பாயின்மேல் மாட்டச் சொல்லுங்கள். அங்கே அது பிழையன்று.”

ஷ்னாபல் அவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். வேட்டியை லலிதா பிடித்துக்கொண்டார். வாத்தியக் குழு, பள்ளம் விழுந்த குழலோடு, மீண்டும் ஊதத் தொடங்கியது. அவ்வாண்டு முடிவதற்குள் தகட்டின் நான்கு பத்திகளிலும் புதிதாக ஒரு நாள் சேர்க்கப்பட்டது: 2007 ஜூன் 23, ஓர் எழுத்து வீடு சேர்ந்த நாள். அந்த வரியைத் திருத்தம் ஏதுமின்றி அச்சிட்டவர் நடேசன்.

வாசகரே, இப்போது உங்கள் முறை. உங்கள் வீட்டு அலமாரியில் ஓர் அழைப்பிதழ் இருக்கும். சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கும். மேசையில் நீங்களே எழுதி இன்னும் அனுப்பாத ஒரு கடிதம் கிடக்கும். எழுந்து போய் எடுங்கள். ‘நாட்கள்’ என்று எங்கே கண்டாலும் சிவப்பு மையால் சுழித்து, ‘நாள்கள்’ என்று பக்கத்தில் எழுதுங்கள். நாளைக்கு என்று தள்ளிவைக்காதீர்கள், நாள்பட்டால் புளிக்கும்.